விரல் போன அன்றே எழுத வேண்டியது

ஷூ கம்பெனியில் தோலை அச்சு வைத்து வெட்டும் கிளிக்கிங் மிஷினில் விரல் மாட்டிக்கொண்டால் முதலில் ஓடி வருபவர் மேஸ்திரி. ஆட்டோ பிடிப்பார், தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார், தையல் செலவைக் கம்பெனி கட்டும். "இ.எஸ்.ஐ.க்கெல்லாம் அலையாதேம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்பார். இ.எஸ்.ஐ. என்றால் சம்பளத்தில் பிடித்துச் சந்தா கட்டும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. மேஸ்திரி மனசார அன்பாகவே சொல்லலாம். ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தொழிலாளிக்கு அதிக நஷ்டம் வைப்பது இந்த அன்புதான். தையல் செலவு ஒரு நாள் சமாச்சாரம். விபத்துப் பதிவேட்டில் ஏறாமல் போன விரலுக்கு, ஆயுள் முழுக்க வர வேண்டிய பணம் வராது.

அதனால் அன்றே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். துண்டான விரலைத் தண்ணீரிலோ ஐஸிலோ நேராகப் போடக்கூடாது, திசு செத்துவிடும். ஈரமாக்கிப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து எடுத்துப் போக வேண்டும். அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டி, வேலையில் அடிபட்டது என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தார்" என்று எழுதப்பட்டுவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. கம்பெனி விபத்துப் பதிவேட்டில் பதிந்து, 24 மணி நேரத்துக்குள் படிவம் 12இல் இ.எஸ்.ஐ.க்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இயந்திரத்தின் பெயர், நேரம், பார்த்தவர் பெயர் மூன்றும் அதில் இருக்கட்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் இந்த உரிமை உண்டு. நோய்க்கால உதவிக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே, அது விபத்துக்குக் கிடையாது. அடிபட்ட நாளை விட்டு குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், குணமாகும்வரை சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் வரும், ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழ்கள் நடுவில் இடைவெளி விழாமல் இருக்க வேண்டும். பணம் தடைபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இன்னொரு ஓட்டை சம்பளக் கணக்கில். கையில் மாதம் 13,000 ரூபாய் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ.யில் 7,800 என்று காட்டியிருப்பார்கள். தொழிலாளி பங்கு வெறும் 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25. அதை மிச்சம் பிடிக்கத்தான் இந்த வேலை. 26 நாள் கணக்கில் உண்மைக் கூலி நாளுக்கு 500, அதில் 90 சதவீதம் 450. காட்டிய கூலி 300, அதில் 270. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் சட்ட அட்டவணைப்படி வருமானத் திறன் இழப்பு 14 சதவீதம். அந்த 450இல் 14 சதவீதம்தான் ஆயுள் முழுக்க வரும் ஊன உதவித்தொகை: உண்மைக் கணக்கில் நாளுக்கு 63 ரூபாய் வர வேண்டும், காட்டிய கணக்கில் 270க்கு 37 ரூபாய் 80 காசுதான். முப்பது நாளைக்கு 756 ரூபாய் வித்தியாசம். ஆயுள் முழுக்க மாதாமாதம் அவ்வளவு போகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், அடிபட்ட பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேறு ஆபத்துகள். சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். குழியில் ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்குபவரும் சாகிறார். அப்படிக் காப்பாற்றப் போய் அடிபட்டவருக்கும் உதவித்தொகை உண்டு. "அது உன் வேலையில்லையே" என்று தட்டிக்கழிக்க முடியாது. குரோமியத்தால் வரும் தோல் புண்ணும் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ டூட்டிக்கு வரும் வழியில் நடந்த விபத்தும் சேரும், ஆனால் வழியை விட்டு சொந்த வேலையாகச் சுற்றியிருந்தால் சிக்கல்.

வேலூர்க்காரர்களுக்கு மேரி வர்கீஸைத் தெரிந்திருக்கும். 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த, வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்ததும் அவரால்தான். தையல் பிரித்ததும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பவர்கள் அவர் கதையைப் படிக்கலாம். அடிபட்ட கையை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அசைத்துப் பழக்காவிட்டால், அறுபடாத விரல்களும் இறுகிப் போகும். தையல்காரருக்கு அதுதான் பெரிய இழப்பு.

இழப்பு எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டில் அதைச் சொல்லத்தான் வேண்டும். அட்டவணையில் துண்டான விரலுக்குச் சதவீதம் இருக்கிறது, மடங்காத விரலுக்கு இல்லை. அதை டாக்டர்கள் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சீட்டும் கொண்டு போங்கள். கூச்சப்பட்டு அடிபட்ட கையை முந்தானைக்குள் மறைக்காமல் மேஜைமேல் வையுங்கள். ஊசியில் நூல் கோத்துக் காட்டச் சொன்னால் எவ்வளவு நேரம் பிடிக்கிறதோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்த சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம் இருக்கிறது, முடிவு வந்த கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள்.