செயின்ட் ஆல்பன்ஸில் மூன்று சுற்று

ஊரிலிருந்து யார் வந்தாலும் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்கு அழைத்துப் போவது இங்குள்ள தமிழர்களின் வழக்கம். என்னைக் கேட்டால் அது ராஜாக்கள் வீட்டு விசேஷத்துக்கான இடம். டிக்கெட்டும் தலைக்கு முப்பது பவுண்டு அளவில் வந்துவிடும். கும்பிட்டுவிட்டு வர ஓர் இடம் வேண்டும் என்பவர்களை நான் செயின்ட் ஆல்பன்ஸ் ஊருக்குத்தான் கூட்டிப் போவேன், பழைய மடத்தின் பெரிய தேவாலயம் அங்கே இருக்கிறது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸில் ரயில் ஏறினால் இருபது நிமிடம். கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதைப் போடலாம். திருக்கோயிலூரிலிருந்து அம்மாவும் பெரியம்மாவும் வந்திருந்தபோது, சந்தை கூடும் நாளாக இருக்கட்டும் என்று சனிக்கிழமை பார்த்துக் கிளம்பினோம். புதனும் சனியும் சந்தை.

செயின்ட் பீட்டர்ஸ் தெரு நெடுக இரண்டு பக்கமும் கூடாரக் கடைகள். ரொட்டி, ஆலிவ், மீன், துணிமணி, செடிகொடி என்று எல்லாம் இருந்தும் பெரியம்மா நின்றது காய்கறிக் கடையில். கிண்ணம் கிண்ணமாக நிரப்பி வரிசையாக வைத்திருந்தார்கள். “பவுண்டுக்கு ஒரு கிண்ணம், பவுண்டுக்கு ஒரு கிண்ணம்” என்று கடைக்காரர் ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

“இது கூறுதானேடி! தரையில கொட்டாம கிண்ணத்துல வெச்சிருக்கான், அவ்ளோதான்” என்றார் பெரியம்மா. ஒரு பவுண்டு நூறு ரூபாய்க்கு மேல் என்று மனக்கணக்குப் போட்டு முகம் சுளித்தாலும், பச்சை மிளகாயில் ஒரு கூறும் இஞ்சியில் ஒரு கூறும் வாங்காமல் விடவில்லை. பைக்குள் கொட்டிய பிறகு கையை நீட்டியபடியே நின்றார். கடைக்காரருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார். கொசுறு வாங்க மொழி தேவையில்லை.

பத்தாம் நூற்றாண்டில் இந்த மடத்துக்குத் தலைவராக இருந்த உல்சினஸ் என்பவர்தான் சந்தையை ஏற்படுத்தினார் என்பது ஊர் வழக்கு. மடம் முதலில், அதை நம்பிச் சந்தை, சந்தையை நம்பி ஊர். அம்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பூக்கடையைத் தேடிக்கொண்டிருந்தார். “வெறுங்கையோடவா போறது?” சிவப்பு ரோஜா ஒரு கொத்து வாங்கினோம்.

1403க்கும் 1412க்கும் இடையே கட்டிய மணிக்கூண்டுக்கு எதிரே ஒரு சந்து இருக்கிறது, வாக்ஸ்ஹவுஸ் கேட் என்று பெயர். அந்தக் காலத்தில் யாத்ரீகர்களுக்கு மெழுகுவர்த்தி விற்ற வாசல். இன்று மெழுகுவர்த்திக் கடை இல்லை, ஆனால் வழி அதேதான். சந்தைச் சத்தம் முதுகுக்குப் பின்னால் குறைந்து, புல்வெளிக்கு அப்பால் கோபுரம் தெரியும்.

அந்தக் கோபுரத்தின் செங்கல்லைப் பார்க்க வேண்டும். 1077இல் கேன் நகரத்துப் பால் என்ற நார்மன் மடத்தலைவர் இந்தக் கோயிலைத் திருப்பிக் கட்டத் தொடங்கியபோது, பக்கத்திலேயே பாழடைந்து கிடந்த வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தின் செங்கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கினார். தட்டையான, ஓடு போன்ற செங்கல். இந்தக் கோயிலுக்கும் ஊருக்கும் பெயர் தந்த புனிதர் ஆல்பனைக் கொன்ற நகரம், அவருக்கே கோயிலாகி நிற்கிறது.

உள்ளே, நடுக்கூடம் மட்டும் 85 மீட்டர். இங்கிலாந்திலேயே மிக நீளம். பெரியம்மாவின் முழங்காலை உத்தேசித்துப் பாதியில் உட்கார்ந்தோம். எதிரே தூண்களில் மங்கிய சிலுவை ஓவியங்கள். கத்தோலிக்க வழிபாட்டைக் கைவிட்ட மதச் சீர்திருத்தக் காலத்தில் சுண்ணாம்படித்து மறைத்தவை, 1862இல் மறுபடி வெளியே வந்தன. அங்கே வைத்துத்தான் தலபுராணம் சொன்னேன்.

ஆல்பன் கிறிஸ்தவரே இல்லை. ரோமானிய ஆட்சியில் துரத்தப்பட்டுத் தன் வீட்டு வாசலுக்கு வந்த ஒரு பாதிரியாருக்கு அடைக்கலம் கொடுத்தார். அவருடைய ஜெபத்தைப் பார்த்துப் பார்த்து மனம் மாறினார். சிப்பாய்கள் தேடி வந்தபோது பாதிரியாரின் அங்கியைத் தான் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். தலையை வெட்ட மலைக்குக் கூட்டிப் போகிறார்கள். வழியில் ஆறு வற்றி வழிவிடுகிறது, மலைமேல் காலடியில் ஊற்று பீறிடுகிறது. வெட்ட வந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு, தானும் கூடவே சாகிறான். இன்னொருவன் வெட்டுகிறான், வெட்டிய கணத்தில் அவன் கண்கள் கழன்று விழுகின்றன. பிரிட்டனின் முதல் ரத்தசாட்சி என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம மெய்ப்பொருள் நாயனார்டி” என்றார்.

எங்கள் ஊரை ஆண்டவர் அவர். சிவனடியார் வேடத்தில் வந்த பகைவன் குத்தியபோதும், அந்த வேடத்துக்காக, “தத்தா, இவர் நம்மவர்” என்று காவலனைத் தடுத்து, குத்தியவனைப் பத்திரமாக ஊர் எல்லை தாண்டி அனுப்பச் சொன்னவர். அங்கே வேடம் போட்டவன் கொன்றான், இங்கே வேடம் போட்டவர் செத்தார் என்று நான் இழுத்தேன். “ரெண்டு பேருமே துணிக்குள்ள இருக்கற சாமியைத்தான பார்த்தாங்க” என்று முடித்துவிட்டார் அம்மா. இத்தனை முறை வந்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

ஆல்பனின் சமாதி பீடம் கிழக்குப் பக்கம், தனி மாடத்தில். 1539இல் மன்னர் எட்டாம் ஹென்றி மடத்தை மூடியபோது உடைக்கப்பட்டது. 1872இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சுவர் அடைப்புகளில் கிடைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தி நிறுத்தினார்கள். ஒட்டுப் போட்ட இடங்கள் இப்போதும் தெரிகின்றன. சில மூலைகள் இல்லவே இல்லை. மேலே சிவப்புப் பட்டு விதானம். அடிப்பகுதியில் மண்டியிட்டு ஒண்டிக்கொள்ள மாடக்குழிகள். 2002இல் ஜெர்மனியின் கொலோனிலிருந்து ஆல்பனின் தோள்பட்டை எலும்பு என்று காலங்காலமாகப் போற்றப்பட்ட ஒன்றைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள்.

பெரியம்மா கேட்கவேயில்லை, சுற்ற ஆரம்பித்துவிட்டார். பீடத்தைச் சுற்றிவர இடம் இருக்கிறது. யாரும் தடுக்கவும் இல்லை. முழங்கால் வலியை முன்னிட்டு ஒரு சுற்றோடு நிறுத்துவார் என்று பார்த்தால் மூன்று சுற்று. அங்கிருந்த தொண்டர் பாட்டி ஒருவர் அம்மா கையிலிருந்த ரோஜாவைப் பார்த்ததும் வாங்கி, பீடத்தின் ஓரத்திலேயே வைத்தார். ஆல்பனுக்கு உகந்தது ரோஜாதான் என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினோம். பெரியம்மா வழக்கம்போல் பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாக, சத்தமாகவே சொன்னார்.

பீடத்தை ஒட்டி மரத்தால் செய்த ஒரு பரண் இருக்கிறது, 1400ஆம் ஆண்டு வாக்கில் செய்தது. துறவிகள் அதில் இருந்து யாத்ரீகர்களையும் காணிக்கையையும் கண்காணிப்பார்களாம். “உண்டியல் இருந்தா காவலும் இருக்கத்தான செய்யும்” என்றார் பெரியம்மா. மடம் போன பிறகு 1553இல் ஊர்க்காரர்களே நானூறு பவுண்டு கொடுத்து இந்தக் கட்டடத்தை வாங்கித் தங்கள் கோயிலாக வைத்துக்கொண்டார்கள் என்றதும் இருவருக்கும் ஊர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

வெருலேமியம் பூங்காவில் ஏரிக்கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். ஜூன் 22 ஆல்பன் திருநாள், அதையொட்டி ஆளுயரத்தைவிடப் பெரிய பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும், கண் கழன்ற கொலையாளியும் அதில் வருவான் என்று சொல்லிவைத்தேன்.

“அப்போ விசாவை ஜூனுக்குப் போடு” என்றார் பெரியம்மா, எலுமிச்சம்பழத்தைப் பைக்குள் பத்திரப்படுத்தியபடி.