புயலுக்கு முந்திய மனிதர்

காலையில் மழை வருமா என்று போனில் பார்த்தபோது ராபர்ட் ஃபிட்ஸ்ராய் நினைவுக்கு வந்தார். டார்வின் போன பீகிள் கப்பலின் கேப்டன் என்றுதான் பலருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தவர், பிற்காலத்தில் பிரிட்டனின் வானிலைத் துறையை நடத்திய ஃபிட்ஸ்ராய்தான்.

1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரம் ராயல் சார்ட்டர் கப்பல் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் இறந்தார்கள். மனிதருக்கு மனசு ஆறவில்லை. துறைமுகங்களிலிருந்து தந்தியில் காற்றழுத்த விவரம் வரவழைத்து, 1861இல் புயல் எச்சரிக்கையைத் தொடங்கினார். கம்பத்தில் ஒரு கூம்பு ஏறும். முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து புயல், கீழே இருந்தால் தெற்கிலிருந்து. எழுத்தறியாத மீனவருக்கும் புரியும்!

கணிப்பு தவறியபோது கேலி செய்தார்கள். சொத்தும் கரைந்தது. 1865இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1866இல் எச்சரிக்கையும் நின்றது. கடலில் போகிறவர்கள் விடவில்லை. மறு ஆண்டே எச்சரிக்கை மீண்டும் தொடங்கியது.