மாடியில் ஒரு வடக்குக் கோடு

ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சர்வதேச விண்வெளி நிலையத்தைப் படமெடுப்பதற்காகத் தொலைநோக்கியின் தாங்கியை இந்த வாரம் நிறுவினேன். அதைச் சரியாக வடக்கு நோக்கி நிறுத்த வேண்டும்; அதற்கு வழக்கமாகத் துருவ விண்மீனைப் பார்ப்பார்கள். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் துருவ விண்மீனும் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். அந்த இடத்தைப் பக்கத்து வீட்டுத் தென்னை முழுவதுமாக மறைத்துவிட்டது. ஆகவே கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிவந்து தொங்கவிட்டு, சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை அன்றைய தேதிக்குக் கணக்கிட்டு (நம் ஊரில் அது 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.18க்கு), அந்த நிமிடத்தில் நூலின் நிழல் விழுந்த வழியே சுண்ணக்கட்டியால் வடக்குக் கோடு கிழித்தேன். மார்கழி வெயில் தெற்கே சாய்ந்திருந்ததால் நிழல் தெளிவாக விழுந்தது. மழைநீர் வடியத் தளத்தில் வாட்டம் விட்டிருப்பதால், ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை முக்காலியின் ஒரு காலை மட்டும் பலமுறை திருத்த வேண்டியிருந்தது.

சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கும் அந்நிலையம், தலைக்கு நேர்மேலே வரும்போது நொடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. விண்மீன்களின் நகர்வைவிட இது 200 மடங்குக்கும் அதிகம். எனவே சுற்றுப்பாதைத் தரவை அன்றன்றே புதுப்பிப்பதும் தொலைநோக்கியைத் திருப்பும் கணினியின் கடிகாரத்தைச் சரிபார்ப்பதும் கட்டாயம் என்றே சொல்வேன். நேற்று மாலை எடுத்த படங்களில் நான்கில் நிலையத்தின் சூரிய மின்தகடுகள் தனித்தனியே தெரிகின்றன.