நெல்லைக்குப் போய் ஓட்டலில் சொதி கேட்காதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். திருநெல்வேலியில் வாசலில் பெரிய எழுத்தில் ‘ஸ்பெஷல் சொதி சாப்பாடு’ என்று பலகை வைத்திருந்த ஓர் ஓட்டலில் 220 ரூபாய் கொடுத்துச் சாப்பிட்டது சொதியே இல்லை. சொதி என்றால் தேங்காய்ப்பாலில் காயும் மசித்த பாசிப்பருப்பும் சேர்த்துச் செய்யும் நெல்லைக் குழம்பு. இதுவோ மஞ்சள் தூள் போட்ட குருமா. கெட்டியாக இருக்கச் சோளமாவு கரைத்து விட்டிருக்கிறார்கள், நாக்கில் வழவழப்பு ஒட்டுகிறது. பாசிப்பருப்பே கிடையாது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் இல்லை. கேட்டால் “ஊறுகாய் இருக்குல்லா சார்” என்கிறார் பரிமாறுகிறவர். இஞ்சி இல்லாத சொதிச் சாப்பாட்டை எந்த நெல்லை வீட்டிலும் இலையில் வைக்க மாட்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. சொதி ஓட்டலுக்கு ஒத்துவராத பண்டம். ஆறு பேருக்கு இரண்டு பெரிய தேங்காய் வேண்டும். இன்றைய தேங்காய் விலையில் அதுவே கையைக் கடிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. இறக்கிய சொதியைத் திரும்பக் கொதிக்க வைத்தால் பால் திரிந்து, எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். பதினொரு மணிக்கு வைத்து மூன்று மணிவரை சூடாகவே பரிமாற வேண்டிய கடை என்ன செய்யும்? சோளமாவைக் கரைக்கும். ஆகவே சொதி வேண்டுமென்றால் கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நெல்லைக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். சைவ வேளாளர் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து இது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர்.

ஊருக்குள் போவது பற்றி இரண்டு வரி. வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் டவுனுக்கு 350 ரூபாய் கேட்டார். பையைப் பார்த்து வெளியூர் என்று தெரிந்துகொண்டு சொல்லும் விலை. ஏறாதீர்கள். அங்கிருந்தே ஜங்ஷன் வழியாக டவுனுக்கு நகரப் பேருந்து அடுத்தடுத்து வருகிறது, சில்லறைக் காசில் முடிந்துவிடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தென்றால் பெண்களுக்கு அதுவும் கிடையாது. மிச்சமாகும் பணத்தில் எத்தனை தேங்காய் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டவுன் ரத வீதிக்குப் பின்னால் ஒரு நண்பர் வீட்டில்தான் நிஜமான சொதி கிடைத்தது. அடுப்படியில் மூன்று தலைமுறை நிற்கிறது: ஆச்சி, அவர் மருமகள், சென்னையில் வேலை பார்க்கும் பேத்தி. அளவெல்லாம் ஆச்சி வாயில் ‘ஆழாக்கு’, ‘முறி’, ‘பலம்’ என்றுதான் வரும். பேத்திக்கு அது கிராமாக வேண்டும். இந்த மாற்றம் சரியாக நடக்காததால்தான் பல வீடுகளில் பாட்டி சமையல் அடுத்த தலைமுறைக்குப் போகும்போது கெட்டுப்போகிறது என்பது என் திடமான கருத்து. படிக்கு எட்டு ஆழாக்கு. ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 170 மில்லி, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஒரு பலம் 35 கிராம். முறி என்றால் உடைத்த தேங்காயில் ஒரு பாதி. வீட்டில் பழைய பித்தளை ஆழாக்கு இருந்தால், தண்ணீர் ஊற்றி அளவுக் குவளையில் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். ஆச்சியிடம் கேட்டு எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் அந்த ஓர் எண்தான் திறவுகோல்.

ஆறு பேருக்கான சொதி, அங்கே செய்தபடி:

அரை ஆழாக்குப் பாசிப்பருப்பு, அதாவது 70 கிராம். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை மட்டும் வறுத்து, குழைய வேகவைத்து மசித்துக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டு 100 கிராமுக்கு மேல் போனால் அது கூட்டாகிவிடும். சொதியில் பருப்பின் வேலை பாலுக்கு உடம்பு கொடுப்பது மட்டும்தான்.

தேங்காய்தான் உயிர். நன்றாக முற்றியதாக இருக்க வேண்டும், ஆனால் கொப்பரைப் பருவம் தட்டியிருக்கக் கூடாது. காதருகே ஆட்டினால் தண்ணீர் தாராளமாகக் குலுங்க வேண்டும். தண்ணீர் வற்றிய காயில் பால் எடுத்தால் சிக்கு வாடை வரும், எதைப் போட்டாலும் போகாது. துருவும்போது ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் விழாமல் நிறுத்துங்கள், விழுந்தால் பால் கறுக்கும். இரண்டு காய்த் துருவலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்துப் பிழிந்தால் முதல் பால் 300 மில்லி. இரண்டாம் பால் 500, மூன்றாம் பால் 700. முதல் பாலுக்குத் தண்ணீரைக் கூட்டிவிட்டால் கடைசியில் சொதி நீர்த்துப் போகும். வெந்நீர் ஊற்றி மிக்ஸியை நிறுத்தாமல் ஓட்டினால் எண்ணெய் அங்கேயே பிரியத் தொடங்கிவிடும், அதனால் விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். மெல்லிய துணியில் வடிகட்டினால்தான் சக்கை நாக்கில் படாது.

காய்: ஒரு முருங்கைக்காய், ஒரு உருளைக்கிழங்கு, ஒரு கேரட், பத்துப் பீன்ஸ், ஒரு கைப்பிடி பச்சைப் பட்டாணி, பதினைந்து சின்ன வெங்காயம், பன்னிரண்டு பூண்டுப் பல். வெங்காயத்தையும் பூண்டையும் முழுதாகவே போடுவார்கள், நறுக்கினால் கரைந்து பால் இனிக்கும். பச்சை மிளகாய் ஆறு: இரண்டைக் கீறிப் போட்டு, நாலை ஒரு விரல் கணு இஞ்சியோடு அரைத்துக்கொள்வது. இந்தக் குழம்பில் காரம் முழுக்கப் பச்சை மிளகாய்தான். மிளகாய் வத்தல் பொடி, மல்லிப் பொடி, மஞ்சள், கரம் மசாலா எதுவும் அந்த வீட்டில் உள்ளே வரவில்லை.

கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் வெங்காயம், பூண்டு, கீறிய மிளகாயை நிறம் மாறாமல் வதக்கி, மற்ற காய்களையும் ஒரு புரட்டுப் புரட்டி, மூன்றாம் பாலை ஊற்றி வேகவிட வேண்டும். உப்பு இங்கேயே. உருளையும் கேரட்டும் முதலில், பட்டாணியும் முருங்கையும் பாதி வெந்தபின். முருங்கை வெடித்துச் சதை கரைந்தால் சொதியின் நிறமே போய்விடும். காய் வெந்ததும் இஞ்சி மிளகாய் விழுதையும் மசித்த பருப்பையும் சேர்த்து, இரண்டாம் பாலை ஊற்றி, பச்சை வாசம் போகும்வரை மெல்லிய தீயில் வைக்க வேண்டும். பிறகு அடுப்பைச் சிம்மில் இறக்கி முதல் பால். இங்கிருந்து ஒரு நிமிஷம்கூட வேறு வேலை பார்க்கக் கூடாது. ஓரத்தில் நுரை கூடி ஆவி எழும்பியதும் அணைத்துவிட வேண்டும். தேங்காய்ப்பாலில் இருக்கிற புரதம் கொதிசூட்டில் திரண்டு, கொழுப்பு வெளியே வந்துவிடும், திரிவதற்குக் காரணம் அதுதான். சூட்டோடு புளிப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாகத் திரியும். பேத்தி சூட்டோடு எலுமிச்சம்பழத்தை எடுத்தபோது ஆச்சி கையைப் பிடித்து நிறுத்தினார்: “ஏட்டி, இப்பம் பிழியாத. கையில தொட்டாப் பொறுக்கணும், அப்பம்தான் விடணும்.” ஏறத்தாழ கால் மணி நேரம் ஆறவிட்டு, ஒரு பெரிய பழத்தின் சாறு. கடைசியாகக் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளிப்பு.

மிச்சத்தைச் சூடாக்க வேண்டுமென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள். அடுப்பில் நேராக வைக்காதீர்கள்.

டப்பாத் தேங்காய்ப்பாலைப் பற்றி அந்த அடுப்படியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. “வேலைக்குப் போற பிள்ளைக்கு மூணு பால் எடுக்க எங்க நேரம்?” என்று பேத்திக்காகப் பேசியது மருமகள்தான். என் தீர்ப்பு ஆச்சி பக்கம், ஒரு விலக்கோடு. அட்டைப்பெட்டிப் பாலில் திரியாமல் இருக்க நிலைநிறுத்திகள் சேர்த்திருப்பார்கள். அதனால் முதல் பாலுக்கு அதைப் பயன்படுத்தினால் திரிகிற பயம் குறையும், வாசமும் குறையும். ஆனால் அதையே தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்து மூன்றாம் பால் என்று காயை வேகவைத்தால் ருசி ஒட்டாது. ஒரு காயையாவது உடைத்து இரண்டாம், மூன்றாம் பால் எடுத்துக்கொண்டு, முதல் பாலுக்கு மட்டும் பெட்டியைத் திறக்கலாம். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

யாழ்ப்பாணத்துச் சொதியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மஞ்சள் போட்ட, தண்ணீராக ஓடுகிற, இடியாப்பத்துக்கு ஊற்றும் சொதி, பருப்பு கிடையாது. அதுவும் அருமையானது, வேறு பண்டம்.

இனி இஞ்சித் துவையல். பாசிப்பருப்பும் இரண்டு தேங்காயும் வயிற்றில் கனக்கும், அதற்கு மாற்றாகத்தான் இஞ்சி. 50 கிராம் இஞ்சியைத் தோல் சீவி மெல்லிய வில்லையாக்கி, நல்லெண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்குங்கள். அரைகுறையாக வதக்கினால் தொண்டையில் எரியும், கருகவிட்டால் கசக்கும். நாலு வத்தல், ஒரு கரண்டி உளுத்தம்பருப்பு வறுத்தது, நெல்லிக்காய் அளவு புளி, அதே அளவு வெல்லம், உப்பு. தண்ணீர் தெளித்துத்தான் அரைக்க வேண்டும். இலையில் சொதியும் இதுவும் உருளைக்கிழங்குச் சிப்ஸும் இருந்தால் வேறு காய் தேவையில்லை. அந்தச் சாப்பாட்டைப் பற்றி இன்னும் நாலு பக்கம் எழுதுவேன். அவ்வளவு ருசி!

இரவு உளுந்தஞ்சோறு. பெண் பிள்ளைகள் பெரியவளானால் இடுப்புக்குப் பலம் என்று ஆச்சிமார்கள் ஆக்கிப்போட்ட சோறு, ஓட்டல் பலகையில் கண்ணில் பட்டதேயில்லை. ஒரு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குத் தோல் உளுந்து, உடைத்தது. வெள்ளை உளுந்து போட்டால் பசையாகிவிடும், வாசமும் வராது. உளுந்தைச் சிவக்க வறுக்காமல் போட்டாலும் கொழகொழக்கும். கழுவும்போது தோல் மிதந்து போகும். அதைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நிறமும் மணமும் அதில்தான். அரை டீஸ்பூன் வெந்தயம், ஒரு டீஸ்பூன் சீரகம், பதினைந்து பல் பூண்டு, அரை முறித் தேங்காய்த் துருவல், உப்பு, அரிசி அளந்த ஆழாக்கிலேயே நாலரை அளவு தண்ணீர். குக்கரில் நாலு விசில். இறக்கியதும் மேலே நல்லெண்ணெய்.

இதற்கு எள்ளுத் துவையல்தான் ஜோடி. கறுப்பு எள்ளில் மணல் கட்டாயம் இருக்கும், தண்ணீரில் அரித்து எடுத்து ஈரம் போகக் காயவைக்க வேண்டும். வறுக்கும்போது படபடவென்று வெடித்து அந்தச் சத்தம் அடங்கத் தொடங்கியதும் இறக்குங்கள். கறுப்பாக இருப்பதால் கருகுவது கண்ணுக்குத் தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். நாலு மேசைக்கரண்டி எள்ளுக்கு நாலு வத்தல், கொஞ்சம் புளி, இரண்டு பல் பூண்டு, இரண்டு கரண்டித் தேங்காய், உப்பு.

அல்வாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும், வரிசையில் நிற்க மனம் இருந்தால் நில்லுங்கள். அல்வா வாங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், நெய் உறைந்து இறுகிவிடும். இறுகிவிட்டால் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தால் இளகும்.

என்னைக் கேட்டால் அல்வா வரிசையில் செலவாகும் நேரத்தை, அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சிக்குக் கொடுங்கள். நெல்லையிலிருந்து செங்கோட்டை போகும் பயணிகள் ரயில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர் தாண்டி அங்கே நிற்கும். கட்டணம் மிகக் குறைவு. உட்கார இடம் கிடைத்தால் வயலையும் மலையையும் பார்த்துக்கொண்டே போகலாம். வாடகைக் கார் பிடித்தால் இதே தூரத்துக்கு அப்பளமும் அல்வாவும் வாங்க வைத்திருந்த பணம் மொத்தமும் போய்விடும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் உளுந்து மாவில் செய்வது. பிரண்டைச் சாறு சேர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் சாதா அப்பளத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். மாவு பிசையும்போது அப்பளக்காரம் கூடிவிட்டால் பொரித்ததும் சிவந்து சவர்க்கார வாடை அடிக்கும், அதனால் ஒரே கடையில் கிலோக்கணக்கில் வாங்காமல் முதலில் ஒரு கட்டு வாங்கி, மதியம் சாப்பிடுகிற இடத்தில் ஒன்றைப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். பொரிக்கிற எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் காயாமல் போட்டால் அப்பளம் எண்ணெயைக் குடித்துச் சவசவவென்று ஆகும். வீட்டுக்கு வந்ததும் கட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரம் வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

திரும்பும்போது வீரவநல்லூரில் இறங்கிச் சுற்றலாமா என்று யோசிக்கிறவர்கள், ரயில் அட்டவணையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வண்டிக்கு நெடுநேரம் ஆகும், பேருந்தில்தான் நெல்லைக்கு வர வேண்டியிருக்கும்.