கெண்டைக்கால் வலியோடு 12 வாரம் நடக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வர்த்தில் பல வீடுகளிலிருந்து டாக்சி நிற்கும் இடத்துக்குப் போவதே ஏற்றம்தான். பாதி வழியில் கெண்டைச்சதை கவ்விப் பிடிக்கும். நின்றால் சில நிமிடத்தில் விடும், நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். வீட்டில் இதை "வயசாச்சு, சர்க்கரை வேற" என்று விட்டுவிடுகிறார்கள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கும்போது வருகிற வலி இது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்குவதாலும் இதேபோல் வலிக்கும். ஆனால் அந்த வலிக்கு வெறுமனே நிற்பது போதாது, உட்கார வேண்டும், அல்லது முன்னால் குனிய வேண்டும். கடையில் தள்ளுவண்டியில் சாய்ந்து நடந்தால் சுகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் முதுகையும் பார்க்கச் சொல்கிறோம்.

முதல் அளவு, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம். பத்து நிமிடம் மல்லாந்து படுத்தபிறகு இரண்டு கைகளிலும் இரண்டு கணுக்கால்களிலும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். கணுக்காலில் இரண்டு நாடிகளில் அதிகமானதையும், கைகளில் அதிகமானதையும் எடுப்பார்கள். கை 140, கணுக்கால் 98 என்றால் விகிதம் 0.70. 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தால் கணுக்கால் அளவு பொய்யாக ஏறிவிடும். நெடுநாள் சர்க்கரை இருப்பவருக்குத் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் பட்டையால் அதை அழுத்தவே முடியாது, விகிதம் 1.40க்கு மேல் போகும். அதைப் பார்த்து "ரொம்ப நல்லா இருக்கு" என்று யாரும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கால் கட்டைவிரலில் அளக்க வேண்டும்.

காலில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஈசிஜி பார்த்து, மருத்துவர் சம்மதித்த பிறகே பயிற்சி. கால் தேறி வேகமாக நடக்கத் தொடங்கும்போதுதான் அதுவரை மறைந்திருந்த நெஞ்சுவலி வெளியே வருவதும் உண்டு. வந்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடைமுறை இதுதான். வாரம் மூன்று நாள், 12 வாரம். டிரெட்மில்லில் மணிக்கு 3.2 கிலோமீட்டரில், சமதளத்தில் தொடங்குகிறோம். வலிக்கு எண் கொடுக்கிறோம்: 0 இல்லை, 1 தொடக்கம், 2 லேசு, 3 நன்றாக வலிக்கிறது, 4 தாங்க முடியவில்லை. 3 வந்ததும் நிறுத்தி, முழுதும் அடங்கும்வரை ஓய்வு, பிறகு மறுபடி நடை. ஓய்வைக் கழித்து முதல் வாரம் 15 நிமிடம் நடந்தால் போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 30, 40 என்று கொண்டுபோகலாம். 3 வராமல் தொடர்ந்து எட்டுப் பத்து நிமிடம் நடக்க முடிந்தால் ஏற்றத்தை 1 அல்லது 2 சதவீதம் கூட்டுகிறோம். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நடப்பவருக்கு எண்கள் அழகாக ஏறும், கால் தேறியிருக்காது. விரல் நுனியால் தொட்டுக்கொள்ளலாம், சாயக் கூடாது.

வலிக்கும் முன்பே நின்றுகொள்வதுதான் பெரிய இடறல். பாசத்தில் பிள்ளைகளே "போதும்மா, நில்லுங்க" என்பார்கள். 2021இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 305 பேர் 12 மாதம் கலந்துகொண்டார்கள். வலியைத் தொடும் வேகத்தில் நடந்தவர்கள் ஆறு நிமிடத்தில் கடக்கும் தூரம் சராசரியாக 34 மீட்டர் கூடியது. வலி வராத வேகத்தில் நடந்தவர்களுக்கு ஒன்றும் கூடவில்லை. பயிற்சியால் அடைப்பு கரைவதில்லை, விகிதமும் பெரும்பாலும் மாறாது. வருகிற ரத்தத்தைத் தசை சிக்கனமாகச் செலவழிக்கப் பழகுகிறது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் அதே 0.70ஐப் பார்த்து மனம் விட்டுப்போகும்.

டிரெட்மில் இல்லாதவருக்கு டர்பன் கடற்கரை நடைபாதையைவிட நல்ல இடம் இல்லை. நீளமாக, சமமாக இருக்கிறது, உட்கார பெஞ்சும் உண்டு. ஆனால் காற்றைக் கணக்கில் எடுங்கள். வடகிழக்குக் காற்று எதிர்த்து அடிக்கும் நாளில் தூரம் குறையும், அதைப் பின்னடைவு என்று எண்ண வேண்டாம். ஜனவரிப் புழுக்கத்தில் விடியற்காலை மட்டும், துணையோடு. இன்சுலின் போடுபவர் சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் புறப்படட்டும், பையில் இனிப்பு இருக்கட்டும். புகைப்பழக்கத்தை விடாமல் நடப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமப்பது. கொழுப்பு மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையும் நடையோடு சேர்ந்தவை, அதற்குப் பதிலானவை அல்ல.

வாழ்க்கைத் தரத்தைத் தனியாக அளக்க வேண்டும். 2012இல் வெளியான கிளெவர் ஆய்வில், இடுப்புத் தமனி அடைப்பு உள்ளவர்களில் டிரெட்மில் நேரம் மேற்பார்வைப் பயிற்சி பெற்றவர்களுக்கே அதிகம் கூடியது. ஆனால் "என் வாழ்க்கை மேம்பட்டது" என்ற பதில் ஸ்டென்ட் (குறுகிய தமனியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்களிடம்தான் அதிகம். காலின் கணக்கும் மனதின் கணக்கும் ஒன்றல்ல. நாங்கள் பயன்படுத்தும் வாஸ்குக்வால் படிவத்தில் ஆறு கேள்விகள், 6 முதல் 24 வரை மதிப்பெண், கூடினால் நல்லது. மகனோ மகளோ பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல விடாதீர்கள். "வலியே இல்லை" என்று சொல்பவர் நடப்பதையே நிறுத்தியவராக இருக்கலாம். அதனால் "எந்த இடத்துக்குப் போறத விட்டுட்டீங்க?" என்று கேட்கிறோம். பங்களாதேஷ் மார்க்கெட், கோயில், பேரன் பள்ளிக்கூடம் என்று பதில் வரும். அதில் ஒன்றை 12 வார இலக்காக எழுதி வைக்கிறோம்.

கோயில் என்றதும் பாதம். கால் மரத்துப்போனவருக்குத் தைப்பூசக் காவடியில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பதும், பெரிய வெள்ளியை ஒட்டி நடக்கும் தீமிதியும் உண்மையான ஆபத்து. கொப்புளம் வந்தது தெரியாது, ரத்தம் போதாததால் ஆறாது, விரலை எடுக்கும்வரை போகலாம். நேர்த்திக்கடனை வேறு விதமாகச் செலுத்த முன்கூட்டியே பூசாரியிடம் பேசுங்கள். தினமும் இரவில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரலிடுக்கில் கிரீம் வேண்டாம், சுடுதண்ணீர்ப் பை வேண்டவே வேண்டாம். கணுக்கால் விகிதத்தைப் பார்க்காமல் இறுக்கக் காலுறையும் போடக் கூடாது.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் சுகம் என்றாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ, நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டு ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்து மரத்துப்போனால் மணிக்கணக்கில்தான் அவகாசம், அப்போதே புறப்பட வேண்டும்.

12ஆம் வாரம் அதே காலணியோடு, அதே 30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிட நடையை மறுபடி அளக்கிறோம். நடுவில் நின்றாலும் கடிகாரம் நிற்காது. எழுதி வைத்த இடத்துக்கு இன்னும் போக முடியவில்லை என்றால் ஸ்டென்ட் பற்றி மருத்துவரிடம் பேசுவதற்கு அந்தத் தாளையே கையில் கொடுத்து அனுப்புகிறோம்.