எஃப்எம்பியில் வடக்கு எங்கே?

ஊரில் இருக்கும் நிலத்தின் எல்லை செயற்கைக்கோள் படத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு சர்வே எண்ணுக்கு உரிய நிலத்துண்டின் (புலத்தின்) அளவுகளைக் காட்டும் எஃப்எம்பி என்கிற புலப்படத்தை அரசின் பட்டா-சிட்டா தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இறக்குவது சுலபம். அதை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில்தான் சிக்கல்.

புலப்படத்தில் கோணமே கிடையாது. மெட்ராஸ் மாகாணத்தில் வெள்ளைக்காரர் காலத்தில் பழகிய முறை அது. கிராம எல்லையைச் சுற்றி தியோடலைட் என்கிற கோணமானியை வைத்துக் கோணம் எடுத்தார்கள். உள்ளே ஒவ்வொரு புலத்துக்கும் நீளம் அளக்கும் சங்கிலி மட்டும்தான். சர்வே கல்லுக்குக் கல் நேர்கோடு பிடித்துப் புலத்தை முக்கோணங்களாகப் பிரிப்பார்கள். அந்தக் கோட்டுக்கு ஜி-லைன் என்று பெயர். கோட்டின் மேல் நடந்துகொண்டே, வரப்பு வளையும் இடங்களுக்கு இடமும் வலமுமாக ஆஃப்செட், அதாவது கோட்டிலிருந்து செங்குத்தான தூரம், எடுப்பார்கள். மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணம் நெளியாது. ஆனால் தாளில் அதை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம். வடக்கு அம்புக்குறியை நான் 'ஏறக்குறைய இந்தப் பக்கம்' என்பதற்கு மேல் நம்பவில்லை.

பழைய தாள் என்றால் அளவு லிங்கில் இருக்கும். சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். இன்றும் சென்ட் கணக்கில் நிலம் விற்பது அந்தச் சங்கிலியிலிருந்து வந்ததுதான்!

திசைக்குத் திசைகாட்டியின் காந்த ஊசியை நம்பலாமா என்றும் படித்தேன். வர்ஜீனியா போன்ற அமெரிக்கக் குடியேற்றங்களில் ஊசி காட்டிய திசையை வைத்தே எல்லை எழுதினார்கள். காந்த வடக்கு நகர்ந்துகொண்டே இருப்பதால் அளந்த ஆண்டைப் பார்த்துத் திருத்த வேண்டும். சென்னைப் பக்கம் உண்மை வடக்கிலிருந்து காந்த வடக்கின் இன்றைய விலகல் இரண்டு பாகைக்கும் குறைவு. ஆனாலும் ஒரு பாகை தப்பினால் 100 மீட்டரில் 1.75 மீட்டர் விலகும். வரப்புச் சண்டைக்கு அது போதும்.

சரி, திசைக்கு எங்கே போவது? கிராம வரைபடத்துக்கு. பழைய வரைபடம் ஒரு மைலுக்கு 16 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்துக்கு 5 சங்கிலி. அதில் அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து அவற்றின் புலப்படங்களையும் இறக்கி, பொதுவான பக்கங்களை ஒட்டவைத்தேன். இரண்டு தாளிலும் ஒரே பக்கத்துக்கு ஒரே நீளம் வருகிறதா என்பது நல்ல சோதனை. தனிப் புலம் எங்கே வைத்தாலும் பொருந்துவதுபோல ஏமாற்றும். பல புலங்கள் சேர்ந்துவிட்டால் அது முடியாது.

அப்படி ஒட்டிய தொகுப்பை க்யூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருளில், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் ஏரிக்கரை, வாய்க்கால், வண்டிப்பாதை மேல் வைத்துத் திருப்பினேன். ஏரியில் நீர் விளிம்பைப் பிடிக்கக் கூடாது, கரையைத்தான் பிடிக்க வேண்டும். பட்டா வரப்பை நம்பவே முடியாது. உழவுக்கு உழவு நகரும்.

கடைசியில் சர்வேயருக்குப் பணம் கட்டி வரவழைத்தோம். திசைகாட்டி எதையும் அவர் எடுக்கவில்லை. ஏரிக்கரை ஓரம் மண்மூடிக் கிடந்த கல்லைத் தோண்டச் சொல்லி, அங்கிருந்து அடுத்த கல்லுக்கு டேப் பிடித்தார். இரண்டாவது கல் கிடைத்ததும் திசை தீர்ந்தது, மூன்றாவது, சரிபார்க்க. எங்கள் மோட்டார் கொட்டகையின் ஒரு மூலை பக்கத்து நிலத்தில் நிற்கிறது. அதற்குப் பேச்சுவார்த்தை இன்னும் நடக்கிறது.