கான்ரெயில்: நிற்கும் வேகனின் செலவு

வடகிழக்கு அமெரிக்காவில் 1970களில் ரயில் நிறுவனங்கள் வரிசையாகத் திவாலானதற்கு நெடுஞ்சாலையையும் லாரியையும் காரணம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு, வேகன்களை நிறுத்திப் பிரித்துக் கோர்க்கும் யார்டுதான் முதலில் கண்ணில் படும். வடகிழக்கில் சரக்கு போகும் தூரம் குறைவு. 300 மைல் போகும் வேகனுக்கும் ஏற்றுமிடத்தில் ஷண்டிங் (வேகனை எஞ்சினால் இழுத்து உரிய இடத்தில் சேர்ப்பது), வழியில் யார்டில் பிரித்துக் கோர்ப்பது, இறக்குமிடத்தில் மறுபடி ஷண்டிங். ஆயிரம் மைல் போகும் வேகனுக்கும் இரு முனைகளில் ஆகும் செலவு ஏறக்குறைய இவ்வளவுதான். பிற நிறுவனத்தின் வேகனாக இருந்தால், நிற்கும் நாளுக்கெல்லாம் வாடகை வேறு.

1968 பிப்ரவரியில் இரண்டு பெரிய ரயில் நிறுவனங்கள் இணைந்து பென் சென்ட்ரல் உருவானபோது, இரண்டின் கணினிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆவணம் ஓரிடத்திலும் வேகன் வேறிடத்திலும் கிடந்தன. 1970 ஜூனில் அது திவாலானது. அதையும் நொடித்துப்போன வேறு சில நிறுவனங்களையும் சேர்த்து அரசு அமைத்த கான்ரெயில், 1976 ஏப்ரல் 1 அன்று சுமார் 17,000 மைல் பாதையோடு ஓடத் தொடங்கியது.

கைக்கு வந்த பாதையின் நிலைமை கொடுமை. தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டை இற்றுப்போனால் ஆணி பிடிக்காது, தண்டவாள இடைவெளி விரியும், பாரம் ஏற்றிய வேகன் நின்ற இடத்திலேயே சக்கரம் இறங்கிவிடும். பல இடங்களில் மணிக்கு 10 மைல் வேகக் கட்டுப்பாடு. இதைச் சீர்செய்ய ஒரு வரிசை உண்டு: முதலில் வடிகால், பிறகு கட்டை, ஜல்லி போட்டு இறுக்குவது, அதன்பின் தண்டவாளம். இற்ற கட்டைமேல் புதுத் தண்டவாளம் போட்டால் பணம்தான் வீண். நீர் வடியாவிட்டால் ஒவ்வொரு வண்டியும் சேற்றை ஜல்லிக்குள் மேலே இழுத்துவிடும்.

பாதை சீரானபிறகும் நட்டம் நிற்கவில்லை. திருப்பம் 1980 அக்டோபரில் ரயில் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய ஸ்டேகர்ஸ் சட்டத்தால் வந்தது. வாடிக்கையாளரோடு நேரடியாக ஒப்பந்தக் கட்டணம் பேச அது வழிவிட்டது. 1981இல் வந்த இன்னொரு சட்டம் நட்டப் பாதைகளை விரைவில் மூட அனுமதித்தது. கான்ரெயில் ஓட்டிவந்த புறநகர் பயணிகள் ரயில்களும் 1983 ஜனவரி 1 முதல் வேறு அமைப்புகளுக்குப் போயின. அந்த வண்டிகள் காலையிலும் மாலையிலும் மட்டுமே நிரம்பும். நடுப்பகலில் பெட்டியும் ஆளும் சும்மா இருந்தாலும் செலவு குறையாது. ஸ்டான்லி கிரேன் தலைமையில் கான்ரெயிலுக்கு 1981இலேயே லாபம் வந்தது. 1987 மார்ச்சில் அரசு தன் பங்குகளைச் சந்தையில் விற்றது.

அரசு போட்டது சுமார் 700 கோடி டாலர். திரும்பி வந்தது ஏறக்குறைய 190 கோடி. இதை வைத்து மட்டும் தோல்வி என்று சொல்வது தவறு. அந்தப் பணம் போகாமல் இருந்திருந்தால் அப்பகுதியின் எஃகு ஆலைக்கும் மின் நிலையத்துக்கும் சரக்கு எப்படிப் போயிருக்கும்?

வருத்தம் வேறு இடத்தில். நியூ ஜெர்சியில் லாக்கவானா கட்-ஆஃப் என்ற குறுக்குவழிப் பாதை, 28 மைல் நீளம், 1911இல் திறந்த பாதை: சரிவு குறைவு, வளைவு குறைவு, கான்கிரீட் பாலங்கள். 1984இல் கான்ரெயில் அதன் தண்டவாளத்தைப் பிரித்தது; நிலமும் கைமாறியது. 2001இல் அந்த நிலத்தை மாநிலம் விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. சரக்கு இல்லாத பாதையின் தண்டவாளத்தைக் கழற்றுவதில் நியாயம் இருக்கிறது. நிலத்தையாவது ஒரே துண்டாக வைத்திருந்திருக்கலாம்.